கடைக்கு கரண்ட் கான்ட்ராக்ட்: நேரடியாகவா, புரோக்கர் வழியாகவா, கொஞ்சம் பொறுத்தா?

பிரிட்டனில் வீட்டுக்கு கரண்ட் வாங்குபவருக்கு இரண்டு பாதுகாப்புகள் உண்டு. போனில் ஒப்புக்கொண்ட கான்ட்ராக்ட்டை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் வைக்கும் விலை உச்சவரம்பும் இருக்கிறது. அதே ஆள் வீட்டுக்குக் கீழே கடை நடத்தினால், கடை மீட்டருக்கு இந்த இரண்டுமே கிடையாது. போனில் பதிவான பேச்சே கான்ட்ராக்ட். மறுநாள் காலையில் கூப்பிட்டு "வேண்டாம்" என்றால் சப்ளையர் கேட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்று வருடத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தால் மூன்று வருடமும் அந்த ரேட்தான்.

ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ, குரோய்டன் என்று தமிழர்கள் நடத்தும் மளிகைக் கடை, ஆஃப் லைசென்ஸ், உணவகம், பெட்ரோல் ஸ்டேஷன் எல்லாவற்றுக்கும் இந்தச் சட்டநிலை பொருந்தும். ஃபிரிட்ஜும் ஃபிரீசரும் இரவு பகலாக ஓடும் கடைகள் என்பதால் கரண்ட் பில் சின்னதல்ல. போன் செய்பவர்களுக்கும் அது தெரியும். இங்கே சொல்பவை இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் பொருந்தும். வட அயர்லாந்தில் ஒழுங்குமுறை ஆணையமே வேறு.

எந்த சப்ளையர் மலிவு என்று பார்ப்பதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கடையின் பெயரில் 'சரி' சொல்வது யார், எப்படி? அதற்கு நான்கு வழிகள் உண்டு. சப்ளையரிடம் நேரடியாக எழுத்தில் வாங்கலாம். கமிஷனுக்கு வேலை செய்யும் புரோக்கர் வழியாகப் போகலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு வேலை செய்யும் ஆலோசகரை வைக்கலாம். அல்லது கொஞ்ச நாள் கான்ட்ராக்ட் எதுவும் போடாமல் இருக்கலாம். ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் உள்ள கடைக்கு முதல் வழியே சரி என்பது எங்கள் முடிவு. நான்காவது வழியைக் கண்டு எல்லோரும் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில்தான் புரோக்கரின் வியாபாரமே நடக்கிறது.

அந்த போன் அழைப்பில் நடப்பது

அழைப்பவர் முதலில் விற்க மாட்டார். "உங்கள் கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது, நீங்கள் இரண்டு மடங்கு ரேட்டில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்" என்பார். தான் "கிரிட்"டிலிருந்து பேசுவதாகவோ, "உங்கள் சப்ளையரின் ரினியூவல் பிரிவு" என்றோ, "ஆஃப்ஜெம் சொல்லித்தான் கூப்பிடுகிறோம்" என்றோ சொல்வார். ஆஃப்ஜெம் யாருக்கும் எனர்ஜி விற்பதில்லை, விற்கச் சொல்லி யாரையும் கூப்பிடச் செய்வதும் இல்லை. கிரிட் கம்பெனிக்கும் உங்கள் பில்லுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

பிறகு உங்கள் மீட்டர் நம்பரை அவரே வாசித்துக் காட்டுவார். இங்கேதான் பலரும் நம்பிவிடுகிறார்கள். பில்லைப் புரட்டிப் பாருங்கள். பெரிய 'எஸ்' எழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு வரிசைக் கட்டங்கள் இருக்கும். கீழ் வரிசையில் உள்ள 13 இலக்கம்தான் எம்பேன். லண்டன் நகரப் பகுதிக் கடை என்றால் அது 12 என்று தொடங்கும், கிழக்கு இங்கிலாந்துக்கு 10, தென்கிழக்குக்கு 19. எம்பேன் என்பது அந்தக் கட்டடத்து கரண்ட் இணைப்பின் விலாசம், அவ்வளவே. சப்ளையர்களும் பல புரோக்கர்களும் அதைத் தொழில் தரவுத்தளத்தில் பார்த்துக்கொள்ள முடியும். ஆகவே உங்கள் எம்பேனைச் சொல்கிறார் என்பதால் அவர் உங்கள் சப்ளையர் ஆகிவிட மாட்டார். கேஸுக்கான எம்பிஆர்என் எண்ணும் அப்படித்தான்.

மூன்றாவது கட்டம்தான் ஆபத்து. "ரெக்கார்டிங்குக்காகச் சில விவரங்களை உறுதி செய்கிறோம், எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று மட்டும் சொல்லுங்கள், நடுவில் கேள்வி கேட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்" என்பார். பெயர், கடை விலாசம், முடிவெடுக்கும் அதிகாரம் உங்களுக்கு உண்டா, யூனிட் ரேட், ஸ்டாண்டிங் சார்ஜ் (கரண்ட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாள்தோறும் ஏறும் நிலைக் கட்டணம்), தொடங்கும் தேதி, எத்தனை மாதம் என்று ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆமாம். அந்தச் சில நிமிடங்கள்தான் கான்ட்ராக்ட். அதற்கு முன்னால் நடந்த பேச்சில் அவர் அள்ளி வீசிய வாக்குறுதிகள் சப்ளையருக்குப் போகும் பதிவில் பெரும்பாலும் இருக்காது.

இதற்கு மருந்து எளியது. கடையில் போன் எடுக்கும் ஒவ்வொருவரும், மாலையில் வேலைக்கு வரும் மாணவர் உட்பட, ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்: "கரண்ட், கேஸ் விஷயம் இந்தக் கடையில் போனில் பேசுவதில்லை. ஈமெயில் அனுப்புங்கள்." சொல்லிவிட்டு போனை வைத்துவிட வேண்டும், விளக்கம் வேண்டாம். தமிழில் பேசினாலும், ஊர்ப்பெயர் சொல்லி உறவு கொண்டாடினாலும் இதே பதில்தான். முதலாளி கேஷ் அண்ட் கேரிக்குப் போயிருக்கும் நேரத்தில் ஊழியர் "ஆமாம், எனக்கு அதிகாரம் உண்டு" என்று சொல்லிவிட்டால், அவருக்கு அதிகாரம் இல்லை என்று பிறகு நிறுவுவது இழுபறி வேலை. அதனால் இப்போதைய சப்ளையருக்கு ஒரு ஈமெயில் போட்டு வையுங்கள்: இன்ன டைரக்டர் மட்டுமே, இன்ன ஈமெயிலிலிருந்து, எழுத்தில் மட்டுமே கான்ட்ராக்ட்டுக்குச் சம்மதிக்க முடியும். கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டும் வைக்கச் சொல்லுங்கள். பில்லைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். மீட்டர் பார்க்க வந்ததாகச் சொல்லி உள்ளே வருபவர் போட்டோ எடுத்துக்கொண்டு போவது அங்கேதான்.

நேரடியாக வாங்கினால்

கான்ட்ராக்ட் எப்போது முடிகிறது என்ற தேதி உங்கள் பில்லிலேயே இருக்க வேண்டும். நீங்கள் மைக்ரோ தொழில் என்றால் அது சப்ளையரின் கடமை. 10 பேருக்குக் குறைவான ஊழியர்களும் ஆண்டுக்கு 20 லட்சம் யூரோவுக்கு மிகாத விற்றுமுதலும் இருந்தாலோ, ஆண்டுக்கு 100,000 யூனிட்டுக்கு மேல் கரண்ட் ஓடாவிட்டாலோ, 293,000 யூனிட்டுக்கு மேல் கேஸ் ஓடாவிட்டாலோ அந்தத் தொழில் மைக்ரோ. இந்த நிபந்தனைகளில் ஒன்று பொருந்தினால் போதும். நம்மவர் கடைகளில் மிகப் பல இதற்குள் வரும்.

அந்தத் தேதிக்கு நான்கு மாதம் முன்னால் வேலையைத் தொடங்குங்கள். கடந்த 12 மாதத்துப் பில்களைக் கூட்டி ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று கண்டுபிடியுங்கள். மூன்று சப்ளையர்களின் இணையதளத்துக்கு நேராகப் போய் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். தேடல் பக்கத்தின் மேலே வரும் விளம்பர லிங்க்கைத் தொட்டால் சப்ளையர் என்று நினைத்துப் புரோக்கரிடம் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். போன் நம்பரைக் கட்டாயம் கேட்கும் தளங்களில் பல அந்த ரகமாக இருக்கலாம். விலாசத்தைக் கையால் தட்டிப் போவதே நல்லது.

கொட்டேஷன்களை ஒப்பிடும்போது யூனிட் ரேட்டை மட்டும் பார்ப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஒரு கணக்குப் போடலாம். முதல் கொட்டேஷன் யூனிட்டுக்கு 24 பென்ஸ், ஸ்டாண்டிங் சார்ஜ் நாளுக்கு 60 பென்ஸ். இரண்டாவது யூனிட்டுக்கு 22.5 பென்ஸ், நாளுக்கு 2.50 பவுண்டு. ஆண்டுக்கு 12,000 யூனிட் ஓடும் சலூனுக்கு முதலாவது 3,099 பவுண்டு, இரண்டாவது 3,612 பவுண்டு 50 பென்ஸ். "ரேட் குறைவு" என்று சொல்லி விற்கப்படுவது 500 பவுண்டுக்கு மேல் கூடுதலாக வருகிறது. 45,000 யூனிட் ஓடும் மளிகைக் கடைக்கோ இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 11,019-க்கு 11,037. ஏறக்குறைய 46,000 யூனிட்டைத் தாண்டினால்தான் இரண்டாவது லாபம். பக்கத்துக் கடைக்காரர் வாங்கிய ரேட்டைக் கேட்டு அதையே வாங்குவது சரிப்படாது, அவர் கடையில் எத்தனை ஃபிரிட்ஜ் என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று, அந்த ரேட் முழுவதும் நிலையானதா என்று கேளுங்கள். சில கான்ட்ராக்ட்டுகளில் எனர்ஜியின் விலை மட்டும் நிலையாக இருக்கும். கம்பிவழிக் கட்டணமும் அரசு வரிச்சுமைகளும் மாறினால் அப்படியே உங்கள் தலையில் ஏறும். பாஸ் த்ரூ என்று அதற்குப் பெயர். விளம்பரத்தில் இந்த ரகத்தின் ரேட் எப்போதும் அழகாகத் தெரியும். ஒரு மீட்டர் கடைக்கு இது வேண்டாம். பருவநிலை மாற்ற வரி ரேட்டுக்குள் சேர்ந்திருக்கிறதா, வெளியே நிற்கிறதா என்றும் பாருங்கள். 2025-26 நிதியாண்டில் அது யூனிட்டுக்கு 0.801 பென்ஸாக இருந்தது. அந்தக் கணக்கில் 45,000 யூனிட்டுக்கு 360 பவுண்டு வந்துவிடும்.

நேரடி வழியிலும் குறை உண்டு. எல்லா சப்ளையரும் சின்னக் கடைகளுக்கு நேரடியாக விற்பதில்லை, அதனால் சந்தையில் உள்ள ஆகக் குறைந்த விலை உங்கள் கண்ணில் படாமல் போகலாம். கிரெடிட் செக்கில் மதிப்பு குறைவாக வரும் புதிய கம்பெனிகளிடம் டெபாசிட்டும் கேட்பார்கள். ஆனால் உங்கள் பெயரில் வேறொருவர் 'சரி' சொல்ல இதில் இடமே இல்லை. எங்கள் தராசில் அதற்குத்தான் எடை அதிகம்.

கமிஷன் புரோக்கர்

புரோக்கர் என்றாலே மோசடி என்று சொல்வது நியாயமில்லை. ஒழுங்காக வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். சிக்கல் சம்பளம் வரும் வழியில்தான். சப்ளையருக்கு ஆஃப்ஜெம் லைசென்ஸ் தேவை. புரோக்கராக இறங்க அப்படி ஒரு லைசென்ஸ் தேவைப்படாமலே இந்தத் தொழில் வளர்ந்தது. "சேவை இலவசம்" என்பார்கள். சப்ளையரின் அடிப்படை ரேட்டுக்கு மேல் யூனிட்டுக்கு இத்தனை பென்ஸ் என்று ஏற்றி வைப்பார்கள், அந்த ஏற்றம் உங்கள் பில் வழியாக சப்ளையருக்குப் போய் அங்கிருந்து புரோக்கருக்கு வந்து சேரும்.

யூனிட்டுக்கு ஒன்றரைப் பென்ஸ் என்று காதில் விழும்போது சில்லறைக் காசாகத் தோன்றும். 45,000 யூனிட்டுக்கு அது வருடம் 675 பவுண்டு. மூன்று வருடத்துக்கு 2,025, ஐந்து வருடத்துக்கு 3,375. கமிஷனில் கணிசமான பகுதி பல ஏற்பாடுகளில் முன்பணமாகவே புரோக்கருக்குக் கிடைத்துவிடும். "ஐந்து வருடம் போட்டுவிடுங்கள், விலை ஏறப் போகிறது" என்று ஏன் அவ்வளவு அழுத்துகிறார் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஆண்டுப் பயன்பாட்டைக் கூட்டி எழுதுவதும் இதே காரணத்தால்தான். 45,000 ஓடும் கடைக்கு 70,000 என்று எழுதினால் முன்பணம் பெருகும். கான்ட்ராக்ட்டில் குறைந்தபட்சப் பயன்பாட்டு விதி ஒன்று ஒளிந்திருந்தால், ஓடாத யூனிட்டுக்கும் நீங்கள் பணம் கட்ட வேண்டி வரும். கான்ட்ராக்ட்டில் உள்ள ஆண்டு யூனிட் எண்ணிக்கையை உங்கள் பில் கூட்டலோடு வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடவே கூடாது.

விதிகள் கொஞ்சம் இறுகியிருக்கின்றன. மைக்ரோ தொழில்களுக்கு 2022 அக்டோபரிலிருந்தும், மற்ற எல்லாத் தொழில்களுக்கும் 2024 அக்டோபரிலிருந்தும், கான்ட்ராக்ட்டில் புரோக்கருக்குப் போகும் தொகையை சப்ளையர் தெரியப்படுத்த வேண்டும். தகராறு தீர்க்கும் திட்டத்தில் சேராத புரோக்கரோடு மைக்ரோ தொழில் விஷயத்தில் சப்ளையர் வேலை செய்யக் கூடாது என்பது 2022 டிசம்பரிலிருந்து விதி. 2024 டிசம்பரில் அது சிறு தொழில்களுக்கும் விரிந்தது. இவற்றை வைத்துப் புரோக்கரிடம் மூன்று கேள்விகளை ஈமெயிலில் கேட்கலாம். உங்கள் கமிஷன் யூனிட்டுக்கு எத்தனை பென்ஸ், கான்ட்ராக்ட் முழுதும் எத்தனை பவுண்டு? எந்தத் தகராறு தீர்க்கும் திட்டத்தில் இருக்கிறீர்கள்? எத்தனை சப்ளையர்களிடம் விலை கேட்டீர்கள், அந்த விலைகளைக் காட்ட முடியுமா? நல்ல புரோக்கர் அன்றே பதில் எழுதுவார். "போனில் விளக்குகிறேன்" என்பவரை விட்டுவிடுங்கள். திட்டத்தில் இருக்கிறாரா என்பதை, எனர்ஜி தகராறுகளை விசாரித்துத் தீர்க்கும் அமைப்பான எனர்ஜி ஒம்பட்ஸ்மனின் இணையதளத்தில் உள்ள பட்டியலில் நீங்களே சரிபார்க்கலாம்.

வணிகர் சங்கங்கள் ஏற்பாடு செய்யும் கூட்டுக் கொள்முதலும் பெரும்பாலும் பின்னால் ஒரு புரோக்கரை வைத்தே நடக்கிறது. சங்கத்தின் பெயருக்காக அந்த மூன்று கேள்விகளை விட்டுவிட வேண்டாம்.

அதிகாரக் கடிதம் என்ற கண்ணி

"விலை பார்த்துச் சொல்லத்தான், வேறொன்றுமில்லை" என்று சொல்லி ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். எல்ஓஏ என்று தொழிலில் அழைக்கப்படும் அதிகாரக் கடிதம் அது. தகவல் கேட்க மட்டும் அனுமதிக்கும் கடிதம் ஒரு ரகம். உங்கள் சார்பில் கான்ட்ராக்ட்டே போட அனுமதிக்கும் கடிதம் இன்னொரு ரகம். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், வித்தியாசம் நடுவில் ஒரு வரியில்தான். ஒப்பந்தம் பேசி முடிக்க, கையெழுத்திட, ரத்து நோட்டீஸ் கொடுக்க என்ற சொற்கள் எங்கே இருந்தாலும் அடித்துவிட்டு, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போடுங்கள்.

அதைவிட நல்லது, கடிதத்தை நீங்களே உங்கள் லெட்டர்ஹெட்டில் தயாரிப்பது. கம்பெனி பெயரும் எண்ணும், எந்த எம்பேன் என்பதும், 'பயன்பாடு, கான்ட்ராக்ட் முடிவுத் தேதி ஆகிய தகவல்களைப் பெற மட்டும், ஒப்பந்தம் செய்ய அதிகாரம் இல்லை' என்ற வரியும், மூன்று மாதத்தில் காலாவதியாகும் தேதியும் இருந்தால் போதும். 'இந்தப் புரோக்கர் வழியாக மட்டுமே' என்ற வரிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அது இருந்தால் நீங்களே சப்ளையரைக் கூப்பிட்டாலும் "உங்கள் புரோக்கரோடு பேசுங்கள்" என்று திருப்பிவிட வாய்ப்புண்டு. சில கடிதங்களில், வேறு வழியாக கான்ட்ராக்ட் போட்டால் புரோக்கருக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்றுகூட இருக்கும். பழைய கடிதம் எதற்காவது கையெழுத்திட்ட நினைவிருந்தால் "இதனால் ரத்து" என்று புரோக்கருக்கும் சப்ளையருக்கும் ஒரே ஈமெயில் அனுப்பிவிடலாம்.

கட்டணம் வாங்கும் ஆலோசகர்

ஐந்து கடை, ஒவ்வொன்றிலும் 45,000 யூனிட் என்றால் மொத்தம் 225,000. அதில் ஒரே ஒரு பென்ஸ் கமிஷன் வருடத்துக்கு 2,250 பவுண்டு. இந்த அளவுக்கு வந்த பிறகு, நிலையான கட்டணம் பேசி, கமிஷன் ஏற்றாத ரேட்டை வாங்கித் தரும் ஆலோசகர் மலிவாக வரக்கூடும். அரைமணிக்கொரு முறை கணக்கெடுக்கும் பெரிய இணைப்புகள், குளிர்பதனக் கிடங்கு, பெரிய சமையல்கூடம் போன்றவற்றுக்கு ரேட்டைத் தவிர இணைப்பின் கொள்திறன் கட்டணமும் பார்க்க வேண்டியிருப்பதால் ஆள் வைப்பதில் பொருளுண்டு. கட்டணத்தோடு கமிஷனும் வாங்க மாட்டேன் என்று எழுதித் தர வேண்டும், அது மட்டும் விடக் கூடாத நிபந்தனை. ஒரே கடைக்கு இது தேவையில்லை.

கான்ட்ராக்ட் இல்லாமல் சில வாரம்

புதிதாகக் கடை எடுப்பவரை இந்தப் பயத்தில்தான் பிடிக்கிறார்கள். சாவி கைக்கு வந்த வாரமே போன்கள் தொடங்கிவிடும். "இன்றே கையெழுத்துப் போடாவிட்டால் லைன் வெட்டிவிடுவார்கள்" என்பார்கள். உண்மையில் நடப்பது வேறு. நீங்கள் கடையை எடுத்த நாளிலிருந்து, அங்கே ஏற்கெனவே இருக்கும் சப்ளையரோடு டீம்டு கான்ட்ராக்ட் என்ற ஒன்று தானாகவே உருவாகிவிடும். ரேட் அதிகம். ஆனால் காலக்கெடு இல்லை, வெளியேறும் கட்டணமும் இல்லை, எப்போது வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம்.

அந்த அதிக ரேட் எவ்வளவு கடிக்கும் என்று கணக்குப் போட்டால் பயம் தெளியும். 45,000 யூனிட் கடைக்கு வாரம் சுமார் 865 யூனிட். டீம்டு ரேட் நல்ல கான்ட்ராக்ட்டைவிட யூனிட்டுக்கு 12 பென்ஸ் கூடுதல் என்று வைத்தால், வாரத்துக்கு 104 பவுண்டு நஷ்டம். இரண்டு வாரம் நிதானமாக விலை பார்க்க 208 பவுண்டு செலவாகிறது. அவசரக் கோலமாகப் போட்ட மூன்று வருடக் கமிஷன் கான்ட்ராக்ட்டின் கூடுதல் சுமை 2,025 பவுண்டு என்று மேலே பார்த்தோம். பொறுத்திருப்பதன் விலை இவ்வளவுதான் என்று தெரிந்துவிட்டால் "இன்றைக்கே" என்ற மிரட்டலுக்கு வேலை இல்லை. மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடுவது வேறு கதை. ஆறு மாதத்தில் 2,700 பவுண்டு போய்விடும், அது வீண் செலவு. நாங்கள் சொல்வது இரண்டு, மூன்று வாரம்.

கடை கைமாறும் நாளில் செய்ய வேண்டியது: மீட்டர் சீரியல் நம்பரும் ரீடிங்கும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரியும்படி போட்டோ, கரண்ட்டுக்கும் கேஸுக்கும் தனித்தனியாக. அதை லீஸின் முதல் பக்கத்தோடு சப்ளையருக்கு அன்றே அனுப்புங்கள். பழைய முதலாளியின் பாக்கி உங்களைச் சேராது என்பதற்கு அதுவே சான்று. கீ போட்டு ஓடும் ப்ரீபே மீட்டர் என்றால், பழையவரின் கடன் அதிலேயே ஏற்றப்பட்டிருக்கக்கூடும், நீங்கள் டாப்பப் செய்யும் பணத்தில் பிடித்துக்கொண்டே போகும், உடனே சப்ளையரிடம் சொல்லி நீக்கச் சொல்லுங்கள். ஒரு விதிவிலக்கை மறக்கக் கூடாது: கடையை மட்டும் வாங்காமல் லிமிடெட் கம்பெனியின் பங்குகளையே வாங்கினால், அந்தக் கம்பெனியின் கரண்ட் கான்ட்ராக்ட்டும் கடனும் கூடவே வரும்.

சில புரோக்கர்கள் இதையே தலைகீழாக்கி ஒரு யோசனை சொல்வார்கள். "பழைய கான்ட்ராக்ட்டிலிருந்து வெளியே வர, கடையை மனைவி பெயரில் மாற்றியதாக ஒரு பேப்பர் கொடுப்போம்." நடக்காத கைமாற்றத்தை நடந்ததாகச் சொல்வது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006-ஆம் ஆண்டு மோசடிச் சட்டப்படி குற்றம். சப்ளையர் லீஸும் கம்பெனிப் பதிவு விவரமும் கேட்கும்போது மாட்டிக்கொள்வது புரோக்கர் அல்ல, கையெழுத்திட்டவர்.

கான்ட்ராக்ட் தானாகவே நீண்டுவிட்டது என்று சொல்லிப் பயமுறுத்தினாலும் பதற வேண்டாம். மைக்ரோ தொழிலுக்கு, தானாகப் புதுப்பிக்கப்பட்ட கான்ட்ராக்ட்டிலிருந்து வெளியேறக் கட்டணம் வசூலிக்கத் தடை இருக்கிறது.

பணம் பறிக்கும் வேறு சில வேலைகள்

"பாக்கி இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் கட்டாவிட்டால் வெட்ட வண்டி வருகிறது" என்று மதியச் சாப்பாட்டு நெரிசலில் உணவகத்துக்கு வரும் போன் ஒரு ரகம். எழுத்தில் முன்னறிவிப்பு கொடுக்காமல் போனில் கெடு வைத்துச் சட்டப்படி இணைப்பை வெட்ட முடியாது. போனை வைத்துவிட்டு, பில்லில் உள்ள நம்பருக்கு நீங்களே பேசுங்கள். "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது" என்று வரும் ஈமெயிலுக்கும் அதுவே வழி. புதிய கணக்குக்குப் பணம் அனுப்பும்போது பெயர் பொருந்தவில்லை என்று பேங்க் காட்டினால், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஏமாந்து அனுப்பிவிட்டால் அன்றே பேங்க்கைக் கூப்பிடுங்கள். 2024 அக்டோபர் 7-லிருந்து, பிரிட்டனுக்குள் அனுப்பிய இத்தகைய பணத்தை 85,000 பவுண்டு வரை பேங்க் திருப்பித் தர வேண்டும் என்ற விதி மிகச் சிறு தொழில்களுக்கும் பொருந்தும். 13 மாதத்துக்குள் கேட்க வேண்டும்.

"அரசு எனர்ஜி நிவாரணம் உங்களுக்கு வர வேண்டியிருக்கிறது" என்று இப்போது யாராவது கூப்பிட்டால் அது பொய். தொழில்களுக்கான எனர்ஜி தள்ளுபடித் திட்டம் 2024 மார்ச் 31-ல் முடிந்துவிட்டது. அது ஓடிய காலத்திலும் பெரும்பாலானவர்களுக்கு பில்லில் தானாகவே கழிந்தது.

சிக்கிக்கொண்டால், நேரத்தோடு ஓட்டம்

தெரியாத சப்ளையரிடமிருந்து "வருக" என்று கடிதம் வந்தால் அதைக் கசக்கிப் போடாதீர்கள். அன்றே பழைய சப்ளையருக்கு எழுதுங்கள்: இந்த மாற்றத்துக்கு நான் சம்மதிக்கவில்லை, என் கான்ட்ராக்ட் இன்ன தேதிவரை இருக்கிறது, தடை போடுங்கள். இப்போதைய மாற்றங்கள் வேகமாக நடப்பதால், தடை போட அவர்களுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு வேலை நாட்களே. புதிய சப்ளையருக்கும் அன்றே எழுத வேண்டும்: கான்ட்ராக்ட் இருப்பதாகச் சொன்னால் கையெழுத்திட்ட நகலையோ முழு ஒலிப்பதிவையோ அனுப்புங்கள், இல்லையென்றால் இது தவறான மாற்றம், திருப்பி அனுப்புங்கள்.

'முழு' என்ற சொல் முக்கியம். ஆமாம் ஆமாம் என்ற பகுதி மட்டும் வந்தால், அதற்கு முந்தைய விற்பனைப் பேச்சையும் புரோக்கரிடம் கேளுங்கள். போனில் பேசியவரின் குரல் அவருடைய தனிப்பட்ட தரவு. தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அவர் தன் பெயரில் கேட்டால் ஒரு மாதத்துக்குள், இலவசமாகத் தர வேண்டும். பதிவு கைக்கு வந்ததும் மூன்று இடங்களைக் கவனித்துக் கேளுங்கள். பேசியவருக்கு அதிகாரம் இருந்ததா, தாம் யார் என்று புரோக்கர் சொன்னது உண்மையா, கமிஷனும் கான்ட்ராக்ட் நீளமும் சொல்லப்பட்டனவா.

இதற்கிடையில் பில்லை முழுதாக நிறுத்தி வைப்பது தவறு. பாக்கி என்ற காரணம் ஒன்றை அவர்கள் கையில் கொடுத்ததாகிவிடும். ஓடிய யூனிட்டுக்குப் பழைய ரேட்டில் வரும் தொகையைக் கட்டி, மீதி தகராறில் உள்ளது என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள்.

சப்ளையர் மேல் புகாரா, புரோக்கர் மேலா என்று தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, இரண்டையும் ஒரே நாளில் கொடுங்கள். கான்ட்ராக்ட்டை ரத்து செய்யக்கூடியவர் சப்ளையர், கமிஷனைத் திருப்பித் தரக்கூடியவர் புரோக்கர். எட்டு வாரத்தில் தீராவிட்டாலோ, அதற்கு முன்பே 'இதுவே எங்கள் இறுதி நிலை' என்று எழுதித் தந்துவிட்டாலோ எனர்ஜி ஒம்பட்ஸ்மனிடம் போகலாம். உங்களுக்குச் செலவில்லை, அந்த இறுதிக் கடிதத்திலிருந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும். தீர்ப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டால் சப்ளையர் அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். முன்பு மைக்ரோ தொழில்களுக்கு மட்டும் திறந்திருந்த இந்தக் கதவு, 2024 டிசம்பரில் 50 பேருக்குக் குறைவான ஊழியர்கள் உள்ள சிறு தொழில்களுக்கும் திறந்தது, விற்றுமுதல் வரம்புக்கு உட்பட்டு. புகாரை எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் இலவச ஆலோசனை தரும் அமைப்பான சிட்டிசன்ஸ் அட்வைஸின் நுகர்வோர் பிரிவு சின்னத் தொழில்களுக்கும் வழிகாட்டுகிறது. ஒம்பட்ஸ்மன் திட்டத்தில் இல்லாத புரோக்கரிடமிருந்து பணம் வர வேண்டியிருந்தால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரை சிறு வழக்கு மன்றத்தில் வக்கீல் வைக்காமலே கேட்கலாம். அப்போது மேஜையில் வைக்க வேண்டியவை அந்த ஈமெயில்கள், தேதி போட்ட மீட்டர் படங்கள், ஒலிப்பதிவு, மூன்று கேள்விகளுக்குப் புரோக்கர் எழுதிய அல்லது எழுதாமல் விட்ட பதில்.